பள்ளத்தூர் வளவிலிருந்து தோரோங் கணவாய்க்கு: ஆறு நாள் ஆயத்தக் குறிப்புகள்

முதல் நாள், பள்ளத்தூர்

ஆடிக் காற்று வீட்டு நடுமுற்றமான வளவுக்குள் இறங்கிச் சுழன்றடித்ததால், விரித்த வரைபடத்தின் நான்கு மூலைகளிலும் பித்தளைச் செம்புகளை வைத்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்கினோம். ஐப்பசியில் நேபாளம் போவதென்று சித்திரையிலேயே முடிவு செய்திருந்தாலும், நேபாளத்தில் எங்கே என்பதில் இன்று வரை நால்வருக்கும் நான்கு எண்ணங்கள் இருந்தன. தம்பிக்கு எவரெஸ்டின் அடிவார முகாம் வரை நடக்க வேண்டும். தேவகோட்டையில் செவிலியராக இருக்கும் தங்கைக்கு, விடுப்பு குறைவென்பதால், அன்னபூர்ணா அடிவார முகாமே போதும். எங்கள் பெரியப்பாவான அறுபத்தொரு வயதுப் பெரியப்பச்சி வேண்டுவது முக்திநாத் தரிசனம் ஒன்றைத்தான். திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமத் திருப்பதி அதுவென்று சொல்லிக்கொண்டே வளர்த்த தாயாருக்காக அவர் அங்கே போக வேண்டுமென்று பல ஆண்டுகளாக நினைத்திருக்கிறார். எனக்கு ஒரு கணவாயை என் கால்களால் கடக்க வேண்டுமென்ற ஆசை இருக்கிறது.

வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தபோதுதான், பெரியப்பச்சியின் முக்திநாத்தும் என் கணவாயும் ஒரே வளையத்தில் கிடப்பது தெரிந்தது; நால்வருக்கும் அதுவே என்றானது. அன்னபூர்ணா மலைத்தொகுதியைச் சுற்றிச் செல்லும் பாதை கிழக்கே மர்சியாங்தி ஆற்றங்கரையோடு ஏறி, மனாங் என்னும் ஊரைத் தொட்டு, 5,416 மீட்டர் உயரத்தில் தோரோங் லாவைக் கடந்து, மேற்கே இறங்கும்போது முதலில் சேரும் ஊரே முக்திநாத். லா என்றால் திபெத்திய மொழியில் கணவாய். அந்தத் தொகுதியின் மிக உயர்ந்த சிகரமான, 8,091 மீட்டர் உயரமுள்ள முதல் அன்னபூர்ணாவை 1950 ஜூனில் பிரெஞ்சுக் குழு ஒன்று ஏறியது. எண்ணாயிரம் மீட்டரைத் தாண்டிய சிகரங்களில் மனிதர் முதன்முதலில் உச்சி தொட்டது அதைத்தான். நாங்கள் அந்தச் சிகரத்தின் பக்கமே போகப் போவதில்லை, அதைச் சுற்றி நடக்கப் போகிறோம். ஆனாலும் காரைக்குடி வட்டாரம் கடல் மட்டத்திலிருந்து 100 மீட்டர் உயரம்கூட இல்லாதது என்பதை மறந்துவிட்டுத் திட்டம் போட முடியாது.

காலத்தைப் பற்றி அதிகம் விவாதிக்கவில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே மழைக்காலம், பாதைகளில் மண்சரிவும் அட்டையும் இருக்கும். மழை கழுவிவிட்ட வானம் அக்டோபரிலும் நவம்பரிலும் தெளிந்திருக்கும். நம் விஜயதசமியை ஒட்டி அங்கே தசைன் பண்டிகை வருவதால், வழிகாட்டிகளும் சுமையாளர்களும் சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள். பேருந்துகளில் இடம் கிடைக்காது. ஆகவே விஜயதசமி கழிந்து ஒரு வாரம் விட்டுக் காத்மாண்டு சேருவதென்று வைத்துக்கொண்டோம். தீபாவளி அங்கேதான் வரும். அங்கே அது திகார் என்னும் ஐந்து நாள் பண்டிகை, முதல் நாள் காக்கைக்கும் இரண்டாம் நாள் நாய்க்கும் படையல் வைப்பார்கள் என்று சொன்னபோது, தீபாவளிக்கு வீட்டில் இல்லாமல் போவதா என்று முகம் சுருங்கியிருந்த ஆத்தாள், காக்கைக்கு வைக்கிற ஊர் என்றால் சரிதான் என்று எழுந்து போனார்கள்.

இரண்டாம் நாள், பள்ளத்தூர்

இன்று முழுவதும் நாட்களை எண்ணியே கழிந்தது. இந்தப் பயணத்தில் நான் விட்டுக்கொடுக்காமல் பேசிய ஒரே விஷயமும் இதுதான்.

தம்பி கொண்டு வந்த திட்டம் எட்டு நாட்களுக்கானது. இப்போது மனாங் வரை ஜீப் சாலை வந்துவிட்டது, காத்மாண்டிலிருந்து இரண்டாம் நாளே மனாங்கில் இறங்கிவிடலாம், ஒரு நாள் ஓய்வு, பிறகு இரண்டே நாளில் கணவாய் என்றான். மனாங்கின் உயரம் ஏறத்தாழ 3,540 மீட்டர். சாலை வருவதற்கு முன்னால், பாதை தொடங்கும் பெசிசகரிலிருந்து நடந்தவர்கள் அந்த உயரத்தை ஒரு வாரத்தில் எட்டினார்கள். அந்த ஒரு வாரத்தில் அவர்களுடைய இரத்தமும் மூச்சும் மெல்லிய காற்றுக்குப் பழகிக்கொண்டே வந்தன. சாலை போட்டதால் மலை தாழ்ந்துவிடவில்லை. ஜீப் மிச்சப்படுத்திக் கொடுப்பது நம் கால்களின் உழைப்பை மட்டுமே, அந்தப் பழகும் காலத்தை அது பறித்துக்கொண்டு விடுகிறது.

இதை நான் ஏட்டில் படித்துச் சொல்லவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் லடாக்குக்குப் போனபோது, பயண ஏற்பாட்டாளர் ஒருவர் போட்டுக் கொடுத்த நிரலில், சமவெளியிலிருந்து விமானத்தில் 3,500 மீட்டர் உயரமுள்ள லே நகரில் இறங்கிய மறுநாளே, 5,300 மீட்டருக்கும் மேலுள்ள கர்துங் லா என்றிருந்தது. கேள்வி கேட்காமல் வண்டியில் ஏறினோம். கணவாயில் புகைப்படம் எடுக்க இறங்கிய தங்கை, பத்தடி நடப்பதற்குள் பேச்சுக் குழறி, வாந்தி எடுத்து, என் தோளில் சரிந்தாள். ஓட்டுநர் ஒரு நொடியும் தயங்காமல் வண்டியைத் திருப்பிக் கீழே இறக்கியதால்தான் அவள் பிழைத்தாள் என்று அன்றிரவு மருத்துவர் சொன்னார். அவளுடைய கைவிரல் நகங்கள் நீலம் பாரித்திருந்ததை நான் இன்னும் மறக்கவில்லை. அந்தத் தங்கைதான் இந்தப் பயணத்திலும் வருகிறாள். உயரத்தைப் பற்றி எங்கள் எல்லோரையும்விட அதிகமாகப் படித்து வைத்திருப்பவளும் அவள்தான்.

அவள் சொன்ன விதி எளிமையானது. 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, ஓரிரவு உறங்கும் இடத்துக்கும் மறுநாள் இரவு உறங்கும் இடத்துக்கும் இடையே ஏறத்தாழ 500 மீட்டருக்கு மேல் ஏறக் கூடாது. மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஏறாமல் ஒரே இடத்தில் தங்க வேண்டும். பகலில் இன்னும் உயரம் போய்வரலாம், உறங்குவது மட்டும் தாழ்ந்த இடத்தில் இருக்க வேண்டும். எவ்வளவு உடல் வலு உள்ளவரானாலும், எத்தனை முறை மலை ஏறியவரானாலும் இந்த விதியிலிருந்து விலக்கில்லை. 5,400 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழப் பாதிதான்.

ஐயா காலத்துக் கணக்குப் புத்தகம் ஒன்றின் எழுதாத பக்கத்தில், ஐந்தொகை எழுதுவதுபோல, ஒரு பக்கம் ஊரும் உயரமும் மறுபக்கம் இரவுகளுமாக எழுதினேன். காத்மாண்டில் இரண்டு இரவுகள், பெசிசகரில் ஒன்று. அங்கிருந்து தாராபானி வரை மட்டும் ஜீப், பிறகு முழுக்க நடை. சாமே 2,670, மேல் பிசாங் 3,300, மனாங்கில் மூன்று இரவுகள், யாக் கர்க்கா 4,050, தோரோங் பேடி 4,450, மறுநாள் கணவாய் கடந்து 3,760 மீட்டரில் முக்திநாத். இவற்றோடு பனியோ காய்ச்சலோ வந்தால் செலவழிக்க இரண்டு நாட்களைத் தனியே ஒதுக்கினோம். தம்பியின் எட்டு நாட்கள் பதினான்காக நீண்டன. தங்கை கையிலிருந்த விடுப்போடு சம்பளமில்லா விடுப்பையும் சேர்த்துக் கேட்பதென்று சொன்னாள். தம்பி நெடுநேரம் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரிக்கா, நீங்க எழுதினபடியே இருக்கட்டும்" என்றான்.

பெரியப்பச்சி விஷயத்தில்தான் கனமான முடிவு எடுக்க வேண்டியிருந்தது. அவருக்கு இரத்த அழுத்த மாத்திரை உண்டு. கணவாய் வேண்டாமென்று அவரே சொல்லிவிட்டார். பொக்ராவிலிருந்து வண்டியில் ஜோம்சோம் வந்து, 2,720 மீட்டரில் இரண்டு இரவுகள் தங்கிப் பழகி, பிறகு வழியில் தங்கித் தங்கி முக்திநாத் ஏறுவார். அத்தானும் கூட வருவார். நாங்கள் கிழக்கிலிருந்தும் அவர்கள் தெற்கிலிருந்தும் வந்து அங்கே சந்திப்போம். பொக்ராவிலிருந்து ஒரே நாளில் முக்திநாத் போய்த் திரும்பும் அவசர யாத்திரைகளும் இருக்கின்றன, அவற்றை நாங்கள் எண்ணிக்கூடப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள், குன்றக்குடி

காலை நான்கரைக்குக் காரைக்குடியிலிருந்து குன்றக்குடிக்கு நடந்தோம். தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடியோடு பழனிக்குப் புறப்படும் பாதை இது. இங்கிருந்து சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனி போய்ச் சேர 150 கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். பெரியப்பச்சி இருபத்திரண்டு முறை நடந்திருக்கிறார். அவருடைய பாதத்தை இன்றுதான் நான் உற்றுப் பார்த்தேன். குன்றக்குடி மலைப்படியில் உட்கார்ந்து துண்டால் கால் துடைத்துக்கொண்டிருந்தபோது, குதிகாலின் ஓரத்தில் தோல் சங்குபோல இறுகியிருந்தது, ஆனால் வெடிப்பு ஒன்றுகூட இல்லை. இரவு படுக்கும் முன் விளக்கெண்ணெய், காலையில் அதைத் துடைத்துவிட்டு நடை. கொப்புளம் வருவதற்கு முன்னால் ஓரிடம் சுடும், சுட்ட உடனே நின்று பார்த்துவிட வேண்டும், அடுத்த ஊரில் பார்க்கலாம் என்று நடந்தால் அடுத்த ஊர் வராது என்றார். இதையேதான் மலையேற்றக்காரர்களும் சொல்கிறார்கள். சூடு உறைத்த இடத்தில் உடனே பட்டை ஒட்ட வேண்டும், ஈரக் காலுறையோடு நடக்கக் கூடாது, புதுக் காலணியை ஊரிலேயே நூறு கிலோமீட்டராவது நடந்து பழக்க வேண்டும்.

பாதயாத்திரையிலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடியவை நிறைய இருக்கின்றன. விடியும் முன் புறப்படுவது, நடுப்பகலுக்குள் தங்குமிடம் சேருவது, கூட்டத்தில் மெதுவாக நடப்பவரின் வேகமே எல்லோருக்கும் வேகமாக இருப்பது ஆகிய மூன்றையும் அப்படியே குறித்துக்கொண்டேன். தோரோங் லாவையும் விடியற்காலை நான்கு மணிக்கெல்லாம் புறப்பட்டுத்தான் கடக்கிறார்கள். பொழுது ஏற ஏறக் கணவாயில் காற்று வலுத்துவிடும். ஆனால் பழனி நடை கற்றுக்கொடுக்கும் ஒன்றை அங்கே மறந்தாக வேண்டும். உடம்பு முடியாவிட்டாலும் முருகனை நினைத்துக்கொண்டு அடுத்த அடி வைப்பது சமவெளியில் பக்தி. நாலாயிரம் மீட்டரில் தலைவலியோடு அப்படி அடி வைத்தால் உயிருக்கே ஆபத்து. இதைப் பெரியப்பச்சியிடம் எப்படிச் சொல்வதென்று தயங்கினேன். சொன்னதும், "அங்கே திரும்புறதும் வேண்டுதல்தான் ஆத்தா" என்றார்.

நான்காம் நாள், பிரான்மலை

எங்கள் பக்கத்தில் ஏறிப் பழக மலை என்று இருப்பது சிங்கம்புணரிக்கு அப்பாலுள்ள பிரான்மலைதான். பாரி ஆண்ட பறம்பு மலை இதுவென்பார்கள். அடிவாரத்தில் சம்பந்தர் பாடிய கொடுங்குன்றநாதர் கோயில், மேலே தர்கா. அரை நாளில் ஏறி இறங்கிவிடலாம்.

ஆளுக்கு ஏழு கிலோ சுமையோடு ஏறினோம். நேபாளத்தில் எங்கள் மூவருக்கும் சேர்த்து இரண்டு சுமையாளர்கள் வருவார்கள், அவர்களுக்கு ஆளுக்குப் பதினைந்து கிலோவுக்கு மேல் கொடுப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். நம் ஸ்லீப்பிங் பேக்கைச் சுமந்து வருபவர் இரவில் போர்வை போதாமல் நடுங்குவாரானால் அந்தப் பயணத்தில் எனக்கு ஒரு மகிழ்ச்சியும் இராது. கையுறை, கனமான மேலாடை, காப்பீடு ஆகியவை அவர்களுக்கும் இருக்கின்றனவா என்று முகவரிடம் எழுத்தில் கேட்டிருக்கிறேன்.

ஏறுவதில் யாருக்கும் தொல்லை இல்லை. இறங்கும்போது தம்பியின் வலது முழங்கால் பிடித்துக்கொண்டது. கணவாயிலிருந்து முக்திநாத்துக்கு ஒரே பகலில் இறங்க வேண்டிய உயரம் 1,650 மீட்டருக்கு மேல். எல்லோரும் ஏறுவதைப் பற்றியே பேசுகிறார்கள், முழங்கால் உடைவதோ இறக்கத்தில்தான். இனி வாரம் இருமுறை வீட்டு மாடிப்படியில் சுமையோடு ஏறுவதைப்போல் இருமடங்கு மெதுவாக இறங்கிப் பழகுவதென்றும், இரண்டு கைக்கும் ஊன்றுகோல் வாங்குவதென்றும் இறங்கி வந்து தேநீர்க் கடையிலேயே எழுதி வைத்தோம். புரட்டாசியில் ஒருமுறை சிறுமலைக்கும் போய்வர வேண்டும்.

ஐந்தாம் நாள், காரைக்குடி

காலையில் மருத்துவரைப் பார்த்தோம். உயர நோயைத் தடுக்கும் அசிட்டசோலமைடு மாத்திரையைப் பற்றிக் கேட்டதும், சல்ஃபா மருந்து யாருக்காவது ஒவ்வாதா என்பதே அவருடைய முதல் கேள்வியாக இருந்தது. தம்பிக்கு ஒவ்வாது என்பது அங்கேதான் நினைவுக்கு வந்தது. கடையில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளும் மாத்திரை அல்ல இது.

ஆவணங்களைப் பொறுத்தவரை இந்தியர்களுக்கு விசா வேண்டாம், ஆனால் கடவுச்சீட்டோ வாக்காளர் அடையாள அட்டையோ கையில் இருந்தாக வேண்டும். ஆதாரை நம்பிப் புறப்படக் கூடாது. அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்குள் நுழைய, இந்தியா உள்ளிட்ட சார்க் நாட்டவருக்கு ஆயிரம் நேபாள ரூபாய் கட்டணம். நம் ஒரு ரூபாய்க்கு அவர்களுடைய 1.60 என்று நிலையாக வைத்திருப்பதால், நம் பணத்தில் 625 ரூபாய் ஆகிறது. 2023 ஏப்ரல் முதல் மலைப்பாதைகளில் வெளிநாட்டவர் வழிகாட்டியோடுதான் நடக்க வேண்டுமென்று நேபாளச் சுற்றுலா வாரியம் விதித்திருக்கிறது. விதி இல்லாவிட்டாலும் வழிகாட்டியோடுதான் போயிருப்போம். காப்பீட்டில் 6,000 மீட்டர் வரை நடப்பதும் ஹெலிகாப்டர் மீட்பும் அடங்கியிருக்கின்றனவா என்று வரி வரியாகப் படித்து வாங்க வேண்டும். நாங்கள் பார்த்த முதல் இரண்டு திட்டங்களிலும் அவை இல்லை.

மாலையில் இரண்டாங்கட்டில் ஆத்தாளும் ஆச்சியும் மாவுருண்டைக்குப் பாசிப்பருப்பு வறுத்தார்கள். ஊருக்குச் செய்வதைவிட நெய்யைக் குறைத்துத்தான் பிடித்துப் பார்த்தார்கள். அந்தக் குளிரில் நெய் கல்லாக இறுகி, உருண்டையைப் பல்லால் உடைக்க முடியாமல் போகும் என்பது ஆச்சியின் கணிப்பு. வறுத்த பருப்பு ஒன்றை விரலுக்கிடையில் நசுக்கி, உள்ளே வெள்ளை தெரிகிறதா என்று விளக்கொளியில் பார்த்துவிட்டு, இன்னும் இரண்டு நிமிடம் என்று சட்டியை மீண்டும் ஏற்றினார்கள். பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும்கூட வருகின்றன. அரிசி கொண்டு போகலாமே என்றார்கள். கணவாய் உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 82 டிகிரியிலேயே கொதித்துவிடும், குக்கர் இல்லாமல் சோறு வேகாது என்று விளக்கினேன். பாதையோர விடுதிகளில் சோறும் பருப்பும் கீரையும் கிடைக்கும். பொடியும் புளிக்காய்ச்சலும் அவற்றோடு சேர்ந்துகொள்ளும்.

ஆறாம் நாள், பள்ளத்தூர்

கடைசி நாளுக்கென்று ஒத்திப்போட்டு வைத்திருந்த பேச்சை இன்று பேசினோம். 2014 அக்டோபரில் வங்கக் கடலில் உருவாகி, 12ஆம் தேதி விசாகப்பட்டினத்தில் கரை கடந்த ஹூட்ஹூட் புயல், வலுவிழந்தும் ஓயாமல் வடக்கே போய், இரண்டு நாட்களில் இமயத்தில் பெரும்பனியாகக் கொட்டியது. அந்தப் பகுதியில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தோரோங் லாவைக் கடந்து முக்திநாத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தவர்கள் பலர் அவர்களில் அடங்குவர். நாங்கள் கடக்கப் போவதும் அதே கணவாய், அதே பருவம். நம் கரையோரத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றும்போது அது நம் ஊரைத் தொடாது என்று தெரிந்ததும் வானொலியை நிறுத்திவிடுகிறோம். அதன் வால் எங்கே போகிறதென்று பார்க்கும் வேலையை இங்கே வீட்டில் இருக்கப்போகும் சித்தப்பா ஏற்றுக்கொண்டார். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவானால், அன்றைக்கே எங்களுக்கும் வழிகாட்டிக்கும் செய்தி வரும்; வந்தால் மனாங்கைத் தாண்டுவதில்லை, தாண்டியிருந்தால் இருக்குமிடத்திலேயே நிற்பது.

பிறகு தங்கை எங்களை வரிசையாக நிற்க வைத்தாள். உயரத்தால் மூளை வீங்கத் தொடங்கினால் நடை தள்ளாடும். குதிகாலை மறுகால் விரலோடு ஒட்டி வைத்து நேர்க்கோட்டில் நடக்கச் சொல்லிப் பார்த்தால் தெரிந்துவிடும். தாழ்வாரப் பத்தியில் பதித்த ஆத்தங்குடிக் கற்களின் இணைப்புக் கோடு ஒரு தூணிலிருந்து மறுதூண் வரை நேராக ஓடுகிறது. அதன்மேல் ஒவ்வொருவராக நடந்தோம். பச்சையும் செம்மண் நிறமுமான பூக்கள் காலுக்கடியில் நகர்ந்தன. தம்பி கைகளை விரித்துக்கொண்டு கவனமாக நடந்தான். மனாங்குக்குப் பிறகு ஒவ்வொரு மாலையும் ஒவ்வொருவரும் இப்படி நடந்து காட்ட வேண்டும். கோட்டை விட்டு விலகினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, இரவானாலும் பனியானாலும் அந்த நேரமே கீழே இறங்குவோம். தலைவலி என்று யார் சொன்னாலும் மறுநாள் ஏறுவதில்லை. மனாங்கில் இமய மீட்புச் சங்கத்தின் மருத்துவ நிலையம் இருக்கிறது. பருவ காலத்தில் உயர நோயைப் பற்றி அவர்கள் நடத்தும் விளக்கவுரைக்குப் போகாமல் மேலே ஏறுவதில்லை என்பதையும் சேர்த்துக்கொண்டோம்.

இவற்றையெல்லாம் கணக்குப் புத்தகத்தில் எழுதி நால்வரும் கையெழுத்திட்டோம். ஒருவர் திரும்பினால் துணைக்கு யார் திரும்புவதென்ற வரியில் தம்பி தன் பெயரை எழுதினான். யாரும் கேட்கவில்லை, அவனாகவே எழுதினான். பெரியப்பச்சி புத்தகத்தை வாங்கி, மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒரு முறை முழுக்கப் படித்துவிட்டு, முக்திநாத் என்று எழுதியிருந்த வரிக்குப் பக்கத்தில், கோயிலின் நூற்றெட்டு நீர்த்தாரையிலும் நனைய மாற்று வேட்டி இரண்டு என்று தம் கையெழுத்தில் சேர்த்தார். நாளை காலை தங்கை தேவகோட்டைக்குத் திரும்புகிறாள், நான் ஊன்றுகோல் வாங்க மதுரைக்குப் போகிறேன்.